பதினாறு வயதில் ஐரோப்பா: அனுப்பும் முன் நாம் பேச வேண்டியவை

(போடிநாயக்கனூரில் எங்கள் அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் பெற்றோர்கள் முன் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பள்ளிக் கட்டணம், கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு என்று உதவி கேட்டு வருகிறவர்கள் நமக்குப் பழக்கமானவர்கள். இப்போது வேறொரு கேள்வியும் வரத் தொடங்கியிருக்கிறது. "மாணவர் பரிமாற்றம் என்று ஒன்று இருக்காமே. ஒரு வருஷம் ஐரோப்பாவில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளிக்கூடம் போகலாமாம். பிள்ளை ஆசைப்படுகிறது. அனுப்பலாமா?" கேட்கிறவர் ஏலக்காய்க் களத்தில் தரம் பிரிக்கப் போகும் தாயாகவும் இருக்கிறார், கடை வைத்திருக்கும் அத்தாவாகவும் இருக்கிறார். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அது என்ன, அங்கே பிள்ளைக்கு என்னவெல்லாம் நேரும், நாம் எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதை எல்லோரும் சேர்ந்து பேசிவிடலாம் என்றுதான் உங்களை அழைத்தோம்.

நமக்குப் பயணம் புதிது அல்ல. இப்னு பதூதா தஞ்சையர் நகரை விட்டு 1325-ல் தனியாகக் கிளம்பியபோது அவருக்கு வயது 21. நம் மதுரைக்கும் வந்து, அன்றைய சுல்தானின் அவையைப் பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-ல் வந்தது. அதற்கு முன் நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பையன் பட்டப்படிப்பு படிக்க வேண்டும் என்றால் ஊரை விட்டு வெளியே போய்த் தங்க வேண்டும். மதுரைக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடும் என்று அன்றும் பேசியிருப்பார்கள். தூரம் மாறியிருக்கிறது, பெற்ற வயிற்றின் கவலை மாறவில்லை. அந்தக் கவலையை நாங்கள் இளக்காரமாகப் பேசப் போவதில்லை.

மாணவர் பரிமாற்றம் என்றால் என்ன?

முதல் உலகப்போரில் பிரான்சில் காயம்பட்ட வீரர்களை வண்டியில் ஏற்றி மருத்துவமனை சேர்த்த அமெரிக்கத் தொண்டர் அமைப்பு ஒன்று இருந்தது. பெயர் ஏ.எஃப்.எஸ். இரண்டாம் உலகப்போரிலும் அவர்கள் அதே பணியைச் செய்தார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் உண்டு உறங்கி வளர்ந்தால், நாளை அந்த நாட்டின் மீது அதற்குப் பகை வருமா? 1947-ல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்களை வரவழைத்தார்கள். இன்று அந்த அமைப்புக்கு இந்தியாவிலும் கிளை இருக்கிறது.

இரண்டாவது, ரோட்டரி சங்கங்கள் நடத்தும் இளைஞர் பரிமாற்றம். 15 வயது முதல் 19 வயது வரையானவர்களுக்கு. நீண்ட காலத் திட்டம் என்றால் ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு. அங்கே தங்க இடமும் சாப்பாடும் பள்ளிப் படிப்பும் வரவேற்கிற பக்கத்தின் பொறுப்பு. விமானக் கட்டணம், காப்பீடு, விசா, கைச்செலவு ஆகியவை நம் பொறுப்பு. பொதுவாக ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் மாறி மாறித் தங்க வேண்டியிருக்கும். அந்த வீட்டாரைச் சேராத ஒருவரைப் பிள்ளைக்கு ஆலோசகராக நியமிப்பார்கள். வீட்டில் ஒரு சங்கடம் என்றால் பிள்ளை அவரிடம் போய்ச் சொல்லலாம்.

இதில் பெற்றோர் காதில் விழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரோட்டரி மாணவர்களுக்கு நான்கு விஷயங்கள் விலக்கு: மது, போதைப்பொருள், வண்டி ஓட்டுவது, காதல் உறவு. மீறினால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போகும். நம் மார்க்கத்தைக் கருதி எழுதிய விதி இல்லை இது. எந்த நாட்டிலும் பதினாறு வயதுப் பிள்ளையைப் பெற்றவர்கள் பயப்படுவது ஒரே விஷயங்களுக்குத்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

மூன்றாவது, யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் என்ற பள்ளிகள். இது பரிமாற்றம் இல்லை, விடுதியில் தங்கி இரண்டு ஆண்டு படிப்பது. முதல் பள்ளி 1962-ல் வேல்ஸ் நாட்டில் கடலோரக் கோட்டை ஒன்றில் தொடங்கியது. இத்தாலி, நார்வே, ஜெர்மனி முதலிய நாடுகளிலும், நம் புனே பக்கத்திலும் இப்போது இருக்கிறது. குடும்பத்தின் வசதியைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஓரளவு வழி திறப்பது இங்கேதான். போட்டி கடுமையாக இருக்கும்.

அங்கே பிள்ளைக்கு நேர்வது

முதல் மூன்று வாரம் எல்லாம் அழகாக இருக்கும். பனி, ரயில், சுத்தமான தெரு என்று தினமும் படம் அனுப்புவார்கள். பிறகு ஒரு நாள் போனில் அழுவார்கள். வெளிநாட்டில் குடியேறுகிறவர் மனம் முதலில் உயர்ந்து, பின் தாழ்ந்து, மெல்ல மீண்டும் உயர்கிறது என்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட் 1955-லேயே எழுதியிருக்கிறார். பிள்ளை அழுதால் நாம் செய்த முடிவு தவறு என்று ஆகாது. அது வழியில் வரும் ஒரு பள்ளம். நம் போடிமெட்டு ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் புரட்டும். அதற்காக யாரும் பாதியில் இறங்கிவிடுவதில்லை. ஆனால் அழுகை வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், உடனே ஆலோசகருக்குச் சொல்ல வேண்டும்.

எது அழ வைக்கும்? பெரிய காரணம் எதுவும் இருக்காது. இரவுச் சாப்பாடு. ஜெர்மனியில் பல வீடுகளில் இரவில் அடுப்பு எரியாது. ரொட்டித் துண்டு, பாலாடைக்கட்டி, கொஞ்சம் காய். அவ்வளவுதான். நார்வேயில் பள்ளிக்கு எடுத்துப் போகும் மதிய உணவும் ரொட்டிதான். சோறும் குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது பசியாகத் தெரியாது, அநாதையாகிவிட்டது போலத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். தெருவில் பேச்சுச் சத்தம் இருக்காது. யாரும் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குள் வர மாட்டார்கள். பெருநாள் அன்று பள்ளிக்கூடம் உண்டு.

பள்ளியில் வேறு வகைத் திகைப்பு. நார்வே, ஸ்வீடன் நாடுகளில் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சார் என்று எழுந்து நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பாடத்தை ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள், "உன் கருத்து என்ன" என்று கேட்பார்கள். நம் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. வீட்டில் இன்றிலிருந்தே கேட்டுப் பழக்குங்கள்.

வீட்டில் வேலை உண்டு. பையனும் தட்டைக் கழுவ வேண்டும், குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், தன் துணியைத் தானே துவைக்கப் போட வேண்டும். அந்த வீட்டு அத்தா சமைப்பார். நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு இதுவே பெரிய படிப்பு.

தொழுகை, உணவு, நோன்பு

பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி, "தொழுகை விட்டுப் போகுமே?" என்பதுதான். போகலாம். போகாமலும் இருக்கலாம். இங்கே அத்தா சத்தம் போடுவதால் மட்டும் தொழும் பிள்ளை, அங்கே சத்தம் இல்லாத இடத்தில் விட்டுவிடும். தானாக எழுந்து சுப்ஹு தொழும் பிள்ளை அங்கேயும் எழும். அனுப்புவதற்கு ஆறு மாதம் முன்பே பிள்ளையை எழுப்புவதை நிறுத்திப் பாருங்கள். பதில் உங்கள் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

நடைமுறை விஷயங்கள் சில. இங்கே நாம் மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து நின்று தொழுகிறோம். ஜெர்மனியிலும் நார்வேயிலும் கிப்லா தென்கிழக்கு. நேரமும் மாறும். போடியில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ஒஸ்லோவில் ஜூன் மாதப் பகல் 18 மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் சுமார் 6 மணி நேரம்தான். டிசம்பரில் பிற்பகல் மூன்றேகாலுக்கே மஃரிப் வந்துவிடும். ளுஹரும் அஸரும் பள்ளி நேரத்துக்குள் அடங்கிவிடும். கோடையிலோ இஷா நள்ளிரவை ஒட்டிப் போகும். இதற்கெல்லாம் என்ன செய்வது என்று நம் ஹஜ்ரத்திடம் முன்பே கேட்டு, எழுதி, பிள்ளையின் பையில் வையுங்கள். பள்ளியில் ஓர் ஓரமான அறை கேட்டால் பல இடங்களில் மறுக்க மாட்டார்கள்; கேட்க வாய் வேண்டும்.

நோன்பைப் பற்றிப் பயம் வேண்டாம். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. இந்த ஆண்டுகளில் அது ஐரோப்பியக் குளிர்காலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. 2030-ல் ஜனவரியிலும் டிசம்பரிலும் இருமுறை தொடங்கும். குளிர்கால நோன்பு அங்கே இங்குள்ளதை விடக் குறுகியது.

உணவு விஷயத்தில் விண்ணப்பத்திலேயே உண்மையை எழுத வேண்டும். "எதுவும் சாப்பிடுவேன்" என்று எழுதிவிட்டு அங்கே போய்த் தட்டை ஒதுக்கினால் அந்த வீட்டு அம்மா மனம் புண்படும். பன்றி இறைச்சி, மது வேண்டாம். ஹலால் இறைச்சி கிடைக்காத நாளில் காய்கறி, முட்டை, மீன் போதும் என்று தெளிவாக எழுதலாம். ஜெர்மனும் துருக்கியும் 1961-ல் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு துருக்கியர்கள் பெருமளவில் அங்கே குடியேறினார்கள். அதனால் ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் பள்ளிவாசலும் ஹலால் கடையும் உண்டு. சிறு கிராமம் என்றால் அப்படி எதிர்பார்க்க முடியாது. சில சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்: பன்றிக்கு ஜெர்மனில் ஷ்வைன், இத்தாலியில் மயாலே, நார்வேயில் ஸ்வின். மிட்டாயில் சேர்க்கும் ஜெலட்டின் பல சமயம் பன்றியிலிருந்து வருவது. சாஸிலும் கேக்கிலும் மது கலந்திருக்கலாம். கேட்டுச் சாப்பிடுவதில் வெட்கம் இல்லை.

இன்னொன்று, சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் திண்டாடும். பெரும்பாலான நாடுகளில் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு சின்ன பிளாஸ்டிக் சொம்பு பெட்டியில் இருக்கட்டும். இத்தாலியில் மட்டும் கவலை இல்லை. வீடுகளில் கழுவுவதற்கான பிடே இருக்க வேண்டும் என்று 1975-லிருந்தே அங்கே விதி உண்டு.

பெண்பிள்ளைகள்

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்ஸ் நாட்டு அரசுப் பள்ளிகளில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாணவிகள் தலைமுக்காடு அணிய முடியாது. 2023-ல் அபாயாவையும் தடுத்தார்கள். ஜெர்மனியில் மாணவிகளுக்கு நாடு முழுவதற்கும் அப்படி ஒரு தடைச் சட்டம் இல்லை. விசா வந்த பிறகு இது தெரிந்தால் பிள்ளை இரண்டு பக்கமும் அகப்பட்டுத் தவிக்கும்.

வீட்டில் வயதுவந்த பையன் இருக்கிறானா, தனி அறை உண்டா, தாழ்ப்பாள் உண்டா என்று கேட்பது நம் உரிமை. எழுத்தில் கேளுங்கள். பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்: எவரேனும் எல்லை மீறினால் அது உன் தவறு அல்ல, உடனே எங்களிடம் சொல், நாங்கள் உன்னைத் திட்ட மாட்டோம். இதைச் சொல்லாமல் அனுப்பும் பெற்றோரின் பிள்ளை, நடந்ததை மறைத்துக்கொண்டு தனியாக வேதனைப்படும்.

அடுத்தது, வெளியே யாரும் சத்தமாகப் பேசாத கேள்வி. "ஒரு வருஷம் வெளிநாட்டில் யாரோ வீட்டில் தங்கி வந்த பெண்ணுக்கு நாளை மாப்பிள்ளை கிடைப்பாரா?" இந்தக் கேள்விக்கு ஐரோப்பாக்காரர் பதில் சொல்ல முடியாது. நம் தெருதான் சொல்ல வேண்டும். மகன் போய் வந்தால் பெருமை, மகள் போய் வந்தால் சந்தேகம் என்று பேசுகிற வாய் நம் வாய்தான். ஜமாஅத் பெரியவர்களை முன்னால் வைத்துக்கொண்டே கேட்கிறோம்: அந்தப் பேச்சை எழ விடாமல் தடுக்க நம்மால் முடியும். இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில் 1889-ல் எழுந்த பள்ளிவாசலுக்கு இன்றும் ஷாஜஹான் என்று பெயர். அது முகலாய மன்னரின் பெயர் இல்லை. அதற்குப் பொருளுதவி செய்த போபால் ஆட்சியாளர், நம் நாட்டு முஸ்லிம் பெண்மணி ஷாஜஹான் பேகத்தின் பெயர். அன்று ஒரு பெண்ணின் உதவி அவ்வளவு தூரம் போக முடிந்தது.

பணமும் ஏமாற்றும்

"பரிமாற்றம்" என்ற சொல்லை வைத்துப் பணம் பறிக்கிறவர்களும் வருவார்கள். சில அடையாளங்கள் சொல்கிறோம். தேர்வும் நேர்காணலும் இல்லாமல் இடம் தருவதாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். பள்ளியின் கடிதமும் வரவேற்கும் குடும்பத்தின் விவரமும் கைக்கு வருமுன் முழுப்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். "அங்கே போய் வேலையும் பார்க்கலாம், திரும்பி வரவே வேண்டாம்" என்று சொன்னால் அது பரிமாற்றமே இல்லை. சுற்றுலா விசாவில் அனுப்புகிறோம் என்றால் நம்ப வேண்டாம். ஷெங்கன் நாடுகளில் 90 நாளுக்கு மேல் தங்க அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். அசல் பாஸ்போர்ட்டை எந்த ஏஜென்ட்டிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

சிறாருக்கான பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரை செல்லும். 15 வயது நிறைந்த பிள்ளை பத்து ஆண்டுக்கான பாஸ்போர்ட்டும் கேட்கலாம். இங்கே ஒரு கல்வியாண்டு தள்ளிப் போக வாய்ப்பு உண்டு. திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பீர்கள் என்று இங்குள்ள பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ அனுப்ப வேண்டாம். ஓராண்டு அனுபவத்துக்காக ஒரு குடும்பம் பத்தாண்டு கடனில் மூழ்குவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

கொண்டு போவதும் கொண்டு வருவதும்

பெட்டியில் என்ன வைப்பது? ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை உண்டு. உப்புக்கண்டமும் பால்கோவாவும் விமான நிலையத்தோடு நின்றுவிடும். அந்த வீட்டாருக்குக் கால் கிலோ நல்ல ஏலக்காய் கொடுத்து அனுப்புங்கள். ஸ்வீடனில் ஏலக்காய் போட்ட ரொட்டி வீட்டுக்கு வீடு செய்வார்கள். நார்வேக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதைப்புத்தகம் ஒன்று 1955-ல் வந்தது. அது நடக்கும் ஊருக்குப் பெயரே ஏலக்காய் நகரம். எழுதியவர் தோர்பியோர்ன் எக்னர். ஆனால் ஏலக்காய் எந்த மலையில் விளைகிறது, காயை யார் பறிக்கிறார்கள், எப்படி உலர்த்தி, சலித்து, தரம் பிரித்து ஏலத்துக்கு வைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது. உலகச் சந்தையில் நமக்குப் போட்டியான கௌதமாலா நாட்டுக்குக் கூட இந்தச் செடி இங்கிருந்துதான் போனது என்பதும் தெரியாது. நம் பிள்ளைக்குத் தெரியும். அம்மா களத்தில் காம்பு கிள்ளுவதைச் சொல்ல வெட்கப்படாதே, அங்கே உன்னை விட்டால் அதைச் சொல்ல ஆள் இல்லை என்று சொல்லி அனுப்புங்கள்.

திரும்பி வந்த பிள்ளை கொஞ்சம் மாறியிருக்கும். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப் போகும். "அங்கே இப்படி" என்று நாளுக்கு நாலு தடவை சொல்லும். கேலி செய்யாதீர்கள், இரண்டு மூன்று மாதத்தில் அடங்கிவிடும். போனபோது பட்ட தனிமையை விட வந்தபின் படும் தனிமை சில பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கும். சொல்ல எவ்வளவோ இருக்கும், கேட்க ஆள் இருக்காது. நம் பெண்கள் மதரஸாவிலும் பள்ளியிலும் அந்தப் பிள்ளையைப் பேச வையுங்கள்.

எங்கள் முடிவைக் கேட்டால் இதுதான். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. தானாக எழுந்து தொழுகிற, தன் வேலையைத் தானே செய்கிற, வேண்டாம் என்பதை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளை, பையனோ பெண்ணோ, முறையான அமைப்பின் வழியாகப் போகலாம். அந்த மூன்றும் இன்னும் வராத பிள்ளை, வரும் வரை காத்திருக்கட்டும். அதில் ஒரு குறையும் இல்லை. விண்ணப்பம் வாசித்து விளக்கவும், கடிதங்களைச் சரிபார்க்கவும், உங்களோடு உட்கார்ந்து கேள்விகள் எழுதவும் அறக்கட்டளை அலுவலகத்தில் ஆள் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் வாருங்கள், போட்ட பின் வராதீர்கள்.

நம் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் வல்ல இறைவன் அவர்களைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.